கட்டுமரம் கட்டலும் பாய் ஏற்றலும்

தென்பெண்ணையாறு கடலில் விழும் இடத்திலிருந்து கொள்ளிடத்தின் முகத்துவாரம் வரையில் கடலூர் ஜில்லாவின் கரை நீண்டு கிடக்கிறது. முன்னாளில் தென் ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993-ஆம் வருஷத்தில் அந்த ஜில்லா பிரிக்கப்பட்டபின், பிற்பாடு கடலூரின் பெயரைப் பெற்றது இப்பிரதேசம். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி, சோனங்குப்பம், ராசாப்பேட்டை, சாமியார்பேட்டை முதலிய குப்பங்களும், சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையை அடுத்த அன்னங்கோயில், முடசலோடை முதலியனவும் கடலை நம்பியே குடியேறியவை. இவ்வூர்களில் மீன் பிடிப்பவருக்கு நெடுங்காலமாக நிலமும் ஏரும் மாடும் எல்லாமாக இருந்தவை சில மரங்களும், அவற்றைப் பிணிக்கும் கயிறும், ஒரு துணிப்பாயும், வலையுமே. உழவன் நுகக்கயிற்றைச் சரியாகப் பூட்டாமற் போனால் அரை நாள் உழவு கெடும். கடலுக்குச் செல்பவன் கட்டுக்கயிற்றைச் சரியாகப் பூட்டாமற் போனாலோ, அலை உடையும் இடத்தில் அவன் காலின் கீழுள்ள மரங்கள் தனித்தனியே பிரிந்துவிடும். ஆகையால் கடலில் இறங்குமுன் கரையில் செய்துகொள்ள வேண்டிய வேலையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லப்படும்.

கட்டுமரம் என்ற பெயரிலேயே அதன் இலக்கணம் அடங்கியிருக்கிறது. ஆணி அடித்துப் பலகை பொருத்திச் செய்த தோணியன்று அது; கட்டப்பட்ட மரம். இச்சொல் இக்கரையிலிருந்து புறப்பட்டு உலகமெல்லாம் சென்றுவிட்டது. சோழமண்டலக் கரையில் வழங்கும் இம்மிதவைகளின் பெயரை இங்கிலீஷ் மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ஆம் வருஷத்தில் வெளியான தம் யாத்திரை நூலில் எழுதிவைத்தார். 1876-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நதேனியல் ஹெர்ரெஷாப் என்ற படகு வல்லுநர் இரண்டு ஒடுங்கிய படகுகளைப் பக்கத்தில் பக்கமாக இணைத்து ஒரு பந்தயப் பாய்ப்படகு செய்தார்; அவ்வகைப் படகுகளுக்கும் நம் கட்டுமரத்தின் பெயரே நிலைத்தது. இப்பொழுது மேனாடுகளில் அப்பெயரைச் சொன்னால் இரட்டை உடல் கொண்ட அப்படகே பலர் நினைவுக்கு வரும். நம் மரத்துக்கு இரட்டை உடல் இல்லை. உண்மையில் உடல் என்று சொல்லத்தக்க கூடே இல்லை. உள்ளே தண்ணீர் நிற்க இடமில்லாமையால் தண்ணீர் புகுந்து மூழ்குவதென்பதும் இல்லை. மேலே ஏறிய அலை மரங்களின் இடுக்குகள் வழியே தானே இறங்கிவிடும். இக்கரையின் அலைவாய்க்கு இதைவிட ஏற்ற கலம் வெகு காலம் ஏற்படவில்லை.

மரத்தின் தேர்வு முதல் விஷயம். இலேசாகவும், நார் நெருக்கமின்றியும், தண்ணீரில் எளிதில் மிதப்பதாகவும் உள்ள மரமே வேண்டும். தேக்கு இங்கே உதவாது. அதன் உறுதியே அதற்குக் குற்றமாகும். மலைப்பிரதேசங்களில் வளரும் பெருமரம், மலைவேம்பு முதலிய இலேசான ஜாதிகளை இதற்கு வாங்குவது வழக்கம். கேரளத்துக் காடுகளிலிருந்து வந்த மரமும் இக்கரையில் ஏராளமாக விற்பனையாயிற்று. வாங்கிய அடிமரத்தைப் பட்டை நீக்கி, நிழலிலும் பின்பு வெயிலிலுமாக நன்றாய் உலரவிட்டு, அதன் பின்னரே வாச்சியால் செதுக்க வேண்டும். பச்சை மரத்தில் செதுக்கிக் கட்டினால் இரண்டு நஷ்டங்கள் உண்டு. காயக்காய மரம் சுருங்கிக் கட்டுத் தளர்வது ஒன்று. தன்னுள் இருக்கும் ஈரத்தின் கனத்தால் அது ஆழ அமிழ்வது மற்றொன்று. சிறிய மரம் 15 அடி நீளமும், பெரியது 25 அடிக்கு மேலும் இருக்கும். மூன்று முதல் ஐந்து மரங்கள் வரை சேர்த்துக் கட்டுவதே பெருவழக்கு. கோடையில் கரைக்கு வெகு தூரம் சென்று கோலா மீன் பிடிப்பதற்கென்று கட்டிய கோலாமரம் இவற்றிலும் பெரியது. அதில் ஏழு மரம் வரை சேரும்.

செதுக்குகையில் மரங்கள் யாவும் ஒரே வடிவமாக இருப்பதில்லை. நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்கமரங்கள் சற்று உயர்ந்தும் அமைய, மேற்புறம் ஆழமற்ற தொட்டியைப் போலக் குழிந்திருக்கும். ஆட்கள் முழந்தாளிட்டு இருப்பதற்கும், வலையை வைப்பதற்கும் அக்குழிவே இடம். முன்புறமாகிய அணியம் கூராகவும் மேல்நோக்கி வளைந்தும் இருக்க வேண்டும்; இல்லையேல் அலையின் மேல் ஏறுவதற்குப் பதிலாக மரம் அதனைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். இதற்காக அணியத்தில் தனியே செதுக்கிய மூக்குத் துண்டுகளைப் பொருத்திக் கட்டுவோரும் உண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் உரிய இடம் ஒன்றே. இடமரத்தை வலப்புறம் மாற்றிக் கட்டினால் பொருந்தாது. பழகியவர்கள் இருட்டிலும் கையால் தடவியே எது எந்த மரம் என்று தெரிந்துகொள்வதன் காரணம் இதுவே.

இனிக் கட்டைப் பற்றிச் சொல்வோம். இதுவே காரியத்தின் உயிர். மரங்களை மணலில் உரிய வரிசையில் அடுக்கி, முன்னும் பின்னுமாக இரண்டிடங்களில் குறுக்குக் கட்டைகளை வைத்து, அவற்றோடு சேர்த்துக் கயிற்றால் பிணிக்கிறார்கள். கயிறு ஓடும் இடங்களில் மரத்தின் அடிப்புறத்தில் பள்ளமாக வெட்டு விடப்பட்டிருக்கும். அவ்வெட்டு இல்லாவிட்டால் மரத்தைக் கரையில் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மணல் கயிற்றை அறுக்கும். தென்னை நார்க்கயிற்றை முன்னதாக நனைத்து வைத்துக்கொள்வது நல்லது. நனைந்த கயிறு வளைந்து கொடுத்து வெட்டில் நன்றாய்ப் பதியும். ஒருவன் கயிற்றைச் சுற்ற, மற்றொருவன் காலை மரத்தில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து தன் உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் படிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுற்று கரையில் இறுக்கமாகத் தோன்றும். கடலில் அலை அசைக்கும்போது மேற்சுற்று வழுக்கிக் கீழே விழுந்ததும் அத்தனையும் தளர்ந்துவிடும். சுற்றி முடித்தபின், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கயிற்றைக் குறுக்காகச் சுற்றி முன் சுற்றுகளை நெருக்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு நெருக்கிய கட்டில் விரலை நுழைக்க முடியாது. அதுவே சோதனை.

ஆணி அடித்தால் இத்தனை சிரமம் இல்லையே என்று உள்நாட்டு வாசகர் கேட்கலாம். அலைவாயில் மரம் ஒரு கணத்தில் அலையின் முதுகிலும், மறுகணத்தில் மணலிலும் அடிபடுகிறது. விறைப்பாகப் பொருத்திய பொருள் அவ்வடியைத் தானே முழுதும் ஏற்றுப் பிளந்துபோகும். கயிற்றால் பிணித்த மரங்களோ ஒன்றுக்கொன்று சிறிது அசைந்து இடங்கொடுத்து அடியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஜனங்களையும் சரக்குகளையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகும் இதே நியாயத்தைப் பற்றியது. அதன் பலகைகள் ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் கட்டிய உறுதியான கப்பற் படகுகள் அந்த அலையில் நொறுங்கியபோது, தைத்த படகு பத்திரமாய்க் கரையேறியது.

பிற்காலத்தில் நார்க்கயிற்றின் இடத்தைச் செயற்கை இழைக் கயிறு பிடித்துக்கொண்டது. அது அழுகாது, விலையும் நயம். ஆனால் அதன் மேற்பரப்பு வழுவழுப்பானது. நார்க்கயிற்றுக்குப் போதுமான முடிச்சு அதற்குப் போதாது. ஒரு சுற்றும் ஒரு முடிச்சும் அதிகம் வேண்டும். வெயிலில் கிடந்தால் அவ்விழையில் சில ஜாதிகள் உள்ளுக்குள்ளேயே நைந்து, வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் இருந்துகொண்டே திடீரென்று அறும். நார்க்கயிறு அறுமுன் சிலும்பு எழுந்து எச்சரிக்கும் குணமுடையது. ஆகையால் செயற்கைக் கயிற்றைப் பார்வையால் நம்பாமல், காலக்கணக்கு வைத்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

மரம் கட்டி முடிந்ததும் பாய்மரத்தை நடுவது அடுத்த வேலை. சிறிய மரத்தில் ஒரு பாய்மரம் போதும். அதன் அடி பொருந்துவதற்குக் குழி வெட்டிய கட்டையொன்று முன்பாகத்தில் உறுதியாகக் கட்டப்படும். அடி அக்குழியில் அமர்ந்தவுடன், காற்று வரும் பக்கத்திலிருந்து ஒரு தாங்குகயிற்றைக் கட்டி இழுத்து நிறுத்த வேண்டும். பாயின் பாரமெல்லாம் காற்று அடிக்காத பக்கத்தை நோக்கித் தள்ளுமாகையால் தாங்குகயிறு எதிர்ப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் காற்று மாறியபின் கயிற்றை மாற்றாமல் விட்டுப் பாய்மரத்தை முறித்துக்கொள்பவரும் உளர்.

பாய் முக்கோண வடிவமானது. பருத்தித் துணியைத் துண்டுதுண்டாகச் சேர்த்துத் தைத்து, ஓரமெங்கும் கயிறு வைத்து மடித்துத் தைப்பார்கள். புதிய வெள்ளைத் துணியை அப்படியே ஏற்றினால் ஈரமும் உப்பும் சேர்ந்து விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் துவர்ப்புள்ள பட்டை வேகவைத்த சாயத்தில் தோய்த்து உலர்த்துவது வழக்கம். கரையிலிருந்து பார்க்கையில் கட்டுமரப் பாய்கள் செம்பழுப்பாகத் தோன்றியதற்குக் காரணம் அலங்கார ஆசையன்று, இந்தச் சிக்கனமே. முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை மூங்கிலாலாகிய பருமலில் சாண் இடைவெளிக்கு ஒரு கட்டாகப் பிணிக்க வேண்டும். பருமலின் நடுப்பாகம் தடித்தும் நுனி மெலிந்தும் இருந்தால், பலத்த காற்றில் நுனி வளைந்து வேண்டாத காற்றைத் தானே வெளியே விட்டுவிடும். மூங்கிலைத் தேர்ந்தெடுப்பதில் இந்த நுட்பத்தை மறக்கலாகாது.

பருமலை ஏற்றும் கயிறு ஆஞ்சான் எனப்படும். பாயின் பின்மூலையில் கட்டி ஆள் கையில் பிடித்திருக்கும் கயிறு தாமான். இவ்விரண்டு பெயரையும் அறிந்தவன் பாய்த்தொழிலில் பாதியை அறிந்தவன். ஆஞ்சானைப் பாய்மரத்தின் தலையிலுள்ள துளை வழியே ஓட்டிக் கீழே இழுத்துக் கட்டுகையில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகவே போட வேண்டும். தாமானையோ ஒருகாலும் மரத்தில் கட்டலாகாது. சுழற்காற்று ஒன்று திடீரென்று மோதினால், தாமானை விட்டவுடன் பாய் படபடத்து வெறுமையாகும், மரம் நிமிரும். அது கட்டப்பட்டிருந்தாலோ, முடிச்சைத் தேடி அவிழ்ப்பதற்குள் மரம் கவிழ்ந்துவிடும். கையில் பிடித்திருப்பது வருத்தமாயிருக்கிறதென்று கால்விரலில் சுற்றிக்கொள்ளும் இளைஞர் வழக்கமும் அபாயமானதே. பருமலின் முன்நுனியை அணியத்தில் தாழக் கட்டி, பின்பாகத்தை உயர்த்தினால் பாய் சாய்வாக விரியும்.

கரையிலேயே ஒரு முறை பாயை ஏற்றிப் பார்த்து இறக்கிவிட வேண்டும். ஆஞ்சான் துளையில் சிக்காமல் ஓடுகிறதா, பருமலின் கட்டுகள் இழுபடாமல் இருக்கின்றனவா, தையல் எங்கேனும் விட்டிருக்கிறதா என்பவற்றை மணலில் நின்று பார்ப்பதற்குச் சில நிமிஷங்களே செல்லும். சென்னைத் துறைமுகத்தில் 1911-ஆம் வருஷத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பார் ஏற்படுத்திய பாய்ப்படகுச் சங்கம் இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கே பொழுதுபோக்குக்காகச் சிறு படகு ஓட்டுவோரும் பாய், கயிறு, சுக்கான் ஒவ்வொன்றையும் சோதிக்காமல் தண்ணீரில் இறங்குவதில்லை. அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் துறைமுகச் சுவரின் அணைப்பில். திறந்த கடலில் பல மைல் செல்பவர் அவர்களைவிடக் குறைந்த சோதனையோடு செல்வது நியாயமாகாது.

மரத்தில் சுக்கான் இல்லை. பின்புறத்தில் இருப்பவன் தன் துடுப்பையே சுக்கானாகப் பிடிக்கிறான். தட்டையான அடியுடைய கலம் பக்கக் காற்றில் முன்னே செல்வதைவிடப் பக்கவாட்டில் நழுவுவதே அதிகம். அதைத் தடுப்பதற்காக மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். கட்டையவிழ்க்காமலே மேலே இழுத்துக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும்; கரையேறும்போது அதை எடுக்க மறந்தால் மணலில் குத்தி மரத்தைப் புரட்டிவிடும். கரையை விட்டுப் புறப்படுமுன் இப்பலகையையும், ஒரு துடுப்பு அதிகமாகவும், பத்துப் பன்னிரண்டு முழம் உதிரிக் கயிறும், குடிதண்ணீர்ப் பாத்திரமும் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும். கட்டாமல் வைத்த பொருள் முதல் அலையிலேயே போய்விடும்.

இவ்வளவும் தயாரானபின் காற்றைப் பார்க்க வேண்டும். நிலம் இரவில் கடலைவிட விரைவில் குளிர்கிறது. அதனால் விடியற்காலத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியபின் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்றுத் திரும்பும். விடியுமுன் முதற்காற்றில் வெளியே சென்று, பிற்பகலில் இரண்டாங் காற்றில் திரும்புவது இக்கரையின் பழைய ஏற்பாடு. பாய் வைத்திருப்பவனுக்குப் போகவும் வரவும் கூலியில்லாத ஆள் கிடைத்தது போலாம். ஆனால் எல்லா மாதங்களும் இவ்வாறு நடப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பகல் வெகு நேரம் வரை கரையிலிருந்து பலமாக அடித்துக் கடற்காற்றை எழவிடாமல் தடுக்கும். அப்போது வெளியே செல்வது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் வரும். நீரோட்டமும் பருவத்தோடு மாறுகிறது: மாசி பங்குனியில் வடக்கு நோக்கிப் பலமாக ஓடுவது, ஐப்பசிக்குப் பின் தெற்கு நோக்கித் திரும்பிவிடும். தேவனாம்பட்டினத்தில் இறங்கியவன் அதே இடத்தில் ஏற விரும்பினால் இந்த ஓட்டத்துக்கு ஈடாகத் தன் வழியை முன்னதாகவே சாய்த்துக்கொள்ள வேண்டும்.

கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் குறிகளின் பொருளை ஒவ்வொரு குப்பத்திலும் அறிந்திருத்தல் அவசியம். ஒன்றும் இரண்டும் தூரத்திலுள்ள அபாயத்தைக் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று, வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதாம். இரண்டாம் எண் தூரத்தைத்தானே குறிக்கிறது என்று அலட்சியம் செய்து இறங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அக்குறி தூரம் என்பது கப்பலின் கணக்கில் தூரம். பாய்மரத்தின் வேகத்தில் அதே தூரம் கிட்டவே இருக்கிறது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்த ஜில்லா மறக்கவில்லை.

அலைவாயைக் கடப்பதற்குப் பாய் உதவாது. பாயைச் சுருட்டிப் பருமலோடு சேர்த்துக் கட்டி மரத்தின் மேல் கிடத்திவிட்டு, துடுப்பாலேயே செல்ல வேண்டும். பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்து, பின்பு சற்று ஓய்வு உண்டாகும். அந்த ஓய்வை எதிர்பார்த்து மரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அணியம் அலைக்கு நேராகவே இருக்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் மரம் புரளும். புரண்டாலும் கட்டு உறுதியாயிருந்தால் பெரிய நஷ்டமில்லை. மரம் மிதந்துகொண்டே இருக்கும். ஆட்கள் நீந்தி வந்து அதைத் திருப்பி ஏறிக்கொள்ளலாம். கடைசி அலையைத் தாண்டியபின் பாய்மரத்தை நட்டுப் பாயை ஏற்றுகிறார்கள். ஏற்றியவுடன் கையாலோ துடுப்பாலோ பாயின்மேல் தண்ணீர் இறைப்பதைக் காணலாம். இது வீண் வழக்கமன்று. நனைந்த பருத்தி நூல் பருத்துத் துணியின் கண்களை அடைக்கும். காற்று ஊடுருவிப் போகாமல் பாய் முழுப்பலனைத் தரும்.

காற்று மிஞ்சினால் ஓர் ஆள் காற்றடிக்கும் பக்கத்து ஓரத்தில் நின்று உடம்பை வெளியே சாய்த்துச் சமன் செய்கிறான். இலங்கையில் பக்கமிதவையுள்ள ‘ஓரு’ என்னும் படகை ஓட்டுவோர், மிதவையின்மேல் எத்தனை பேர் ஏறி நிற்க வேண்டியிருக்கிறதோ அதைக்கொண்டே காற்றை அளந்து, ஓராட் காற்று, ஈராட் காற்று என்று சொல்லி வந்தனர். காற்றுமானி விலைக்கு வாங்க இயலாதவர்க்கு இதைவிட நல்ல அளவு இல்லை. பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும்போது, ஆட்பலம் குறைந்த சிறு மரத்தில் பாயை முழுதும் இறக்கி, பருமலை மறுபுறம் கொண்டுபோய், தாங்குகயிற்றை மாற்றிக் கட்டியபின் மீண்டும் ஏற்றுவதே பத்திரம்.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து உப்பங்கழிகளில் இந்த வேலைகளில் பெரும்பாகம் தேவையில்லை. சுரபுன்னைக் காட்டின் நடுவே ஓடும் வாய்க்கால்களில் காற்றும் குறைவு, ஆழமும் குறைவு; வள்ளத்தைக் கோலால் ஊன்றிச் செல்வார்கள். வெள்ளாற்றின் முகத்துவாரம் வேறு விஷயம். ஆற்றுநீரும் கடல்நீரும் எதிர்க்கும் இடத்தில் மணற்றிட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற மாதம் போன வழியை இம்மாதம் நம்ப முடியாது. அங்கே பலகையை மேலே இழுத்துவிட்டு, முன்னால் ஒருவன் துடுப்பால் ஆழம் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும்.

கட்டுக்கயிறும் பாயும் பணத்தைப் பொறுத்த விஷயங்களாகவும் இருக்கின்றன. நைந்த கயிற்றை ஒருவன் ஏன் மாற்றுவதில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் சோம்பலன்று காரணம், கையில் பணமில்லாமையே. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் மீனை அவனுக்கே, அவன் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்துவிடுகிறது. வட்டி என்ற பெயரில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. விலையிலேயே வட்டி கழிகிறது. சென்னை மாகாணத்தில் நிலவள நாணய சங்கங்களைப் பற்றி அறிக்கை எழுதி, 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டிய சர் பிரெடரிக் நிக்கல்சனே, பின்பு அம்மாகாணத்தின் மீன்துறைப் பணியையும் தொடங்கிவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. கடனும் கடலும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தது தற்செயலாகத் தோன்றலாம். குப்பங்களின் கணக்கைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. அவருக்குப் பின் அவ்விலாகாவின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-ஆம் வருஷத்தில் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில் கட்டுமரத்துக்கு உரிய இடங் கொடுத்தார்.

சங்கத்தில் கடன் கேட்போர் பெரிய தொகைக்கே மனுக் கொடுக்கிறார்கள். கயிற்றுக்கும் பாய்த்துணிக்கும் சிறு கடன் கேட்பதை அவமானமாக நினைக்கிறார்கள் போலும். சங்க நிர்வாகிகளும் சிறு மனுவைச் சிறு காரியமாக எண்ணி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாகாது. கூட்டம் மாதத்துக்கு ஒன்று. கயிறோ தினந்தோறும் கடலுக்குப் போகிறது. அறுவடையைப் போல வருஷத்தில் ஒரு தவணை என்று வைப்பதும் மீனவனுக்குப் பொருந்தாது. மீன் அகப்படும் மாதங்களில் சிறுகச் சிறுக வசூலித்து, வாடைக்காலத்தில் நிறுத்திவைப்பதே தொழிலோடு ஒத்த ஏற்பாடு.

1980-களிலிருந்து வெளியே பொருத்தும் யந்திரங்களும், கண்ணாடி நாராலாகிய படகுகளும் இக்கரைக்கு வரத் தொடங்கின. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலான குப்பங்களை அழித்து, மரங்களையும் வலைகளையும் வாரிச் சென்றபின், நிவாரணமாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நார்ப்படகுகளே. இப்பொழுது பாய் விரித்த கட்டுமரத்தைக் காண்பது அரிதாயிற்று. யந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. காற்றில்லாத நாளிலும் அது செல்கிறது. மீனைப் பதங்கெடாமல் விரைவில் கரை சேர்க்கிறது. முதியவர்களின் கையையும் முதுகையும் காப்பாற்றுகிறது. ஆனால் எண்ணெயின் விலை ஒவ்வொரு நாள் வருமானத்திலும் முதற்பங்கை எடுத்துக்கொள்கிறது. மேலும், ஒரே யந்திரத்தோடு கரை தெரியாத தூரம் சென்றவன், அது நின்றுவிட்டால் கையில் வேறு சாதனமில்லாமல் மிதக்கிறான்.

ஆகவே நார்ப்படகிலும் ஒரு சிறு பாயை வைத்திருப்பது தகும். ஒரு மூங்கில், நாலைந்து கஜம் உறுதியான துணி, இரண்டு கயிறு, பாய்மரத்தின் அடியைச் செருக முன்பலகையில் ஒரு துளை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, யந்திரத்தின் விலைக்கு முன் ஒரு பொருட்டன்று. இப்படகுக்குப் பக்க நழுவலைத் தடுக்கும் பலகை இல்லாமையால் எதிர்க்காற்றில் செல்ல முடியாது. ஆயினும் பின்காற்றிலும் பக்கக் காற்றிலும் செல்லும். வருஷத்தில் பல மாதங்களில் பிற்பகற் காற்று கரையை நோக்கியே வீசுவதால், ஏறும் இடம் சில மைல் தள்ளிப் போனாலும் கரை கிடைக்கும். மேல்காற்று மாதங்களில் யந்திரம் நின்றால் பாயை ஏற்றுவது தவறு. அது படகை ஆழ்கடலுக்கே இழுத்துச் செல்லும். அப்போது வலையையோ, வாய் அகன்ற கூடையையோ நீண்ட கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து தண்ணீரில் விட வேண்டும். படகு காற்றை எதிர்நோக்கி நிற்கும். நழுவும் வேகமும் குறையும். தேடி வருவோருக்கு அகப்படும் தூரத்திலேயே இருக்கும். காற்றுக் கடலிலிருந்து திரும்பியபின் வலையை வாங்கிப் பாயை ஏற்றலாம். இந்த வித்தியாசத்தை அறிந்த முதியவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொண்டு, மீன்பிடி தடைக்காலத்தில் யந்திரப் படகில் கூலிக்குச் செல்லும் இளைஞர்கள் கரையிலிருக்கும்போது, நாலு நாள் பாய்வேலை கற்பிக்கச் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 14-ஆம் தேதி முடிகிறது. மேல்காற்று வலுப்பதும் அதையடுத்தே.

கரையேறிய பின் செய்யவேண்டியவை சில உண்டு. மரத்தை உயர்நீர்க் கோட்டுக்கு மேலே இழுத்து, கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பி உலரவிட வேண்டும். நாள்தோறும் அவிழ்த்துக் கட்டுவது வீண் வேலை என்று நினைத்து மாதக்கணக்காகக் கட்டிலேயே வைத்திருந்தால், இடுக்கில் ஈரம் தங்கி மரம் கனத்துவிடும். கயிற்றின் உள்மடிப்பும் யாரும் அறியாமல் அழுகும். அவிழ்க்கும்போதே கயிற்றை முழுதும் கைவிரல்களின் நடுவே ஓட்டிப் பார்க்கலாம். பாயை நல்ல தண்ணீரில் அலசி, நிழல்காற்றில் உலர்த்தி, பருமலோடு சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கூரையின் கீழ் கட்டித் தொங்கவிட வேண்டும்.